கிழித்துக்கொண்டு வந்த கடைசிப் பக்கம்

திருத்துறைப்பூண்டி கனிமொழி டீச்சருக்கு,

முன்பு உங்கள் ஒரே பிள்ளையாக இருந்த வளவன், தஞ்சாவூர் விடுதியிலிருந்து எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி தேவலையா? உங்கள் ஒன்றாம் வகுப்புச் செல்லங்கள் இருபத்தாறு பேரும் நலந்தானே?

ஒரு சின்ன விஷயம், பதறாதீர்கள். நீங்கள் வகுப்பில் வாசிக்கும் ஆமைக் கதையின் கடைசிப் பக்கத்தைப் பொங்கல் லீவில் கிழித்தது எலி இல்லை, நான்தான். அது என் புத்தகம், அம்மா. தானாக வாசித்து முடித்தவர் பின்னட்டையில் பெயர் எழுதலாம் என்பது எனக்காக நீங்கள் வைத்த வழக்கம். இப்போது என் பெயருக்குக் கீழே பதினாலு பெயர்கள். ஒன்றாம் வகுப்புக்கு உங்கள் மடி; பதினோராம் வகுப்பு படிக்கும் எனக்கு நீங்கள் தேய்த்து அனுப்பும் மடிப்புக் கலையாத சட்டை மட்டும். முடிவே இல்லாத கதையை எவன் முடிப்பான், பார்க்கலாம் என்று நினைத்தேன்.

போன ஞாயிறு போனில் நீங்கள் சொன்னீர்கள்: "பக்கம் காணாமப் போனதே நல்லதாப் போச்சுடா. ஆளுக்கொரு முடிவு சொல்றாங்க. நம்ம இளம்பரிதி சொன்னதக் கேட்டு எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

நம்ம இளம்பரிதியாம். எனக்காக எப்போதாவது கண் கலங்கியிருக்கிறீர்களா, மார்க் ஷீட்டைப் பார்த்ததைத் தவிர?

பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நார்த்தங்காய் ஊறுகாயும் தேங்காய் எண்ணெயும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். இந்த ஞாயிறும் எனக்குப் பத்து நிமிடம்தான் போன். சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்டு அதை வீணாக்க வேண்டாம். ஆமைக்குப் போடும் அதே குரலில் கதையை எனக்கு வாசியுங்கள். முடிவு மட்டும் அந்தப் பயல் சொன்னதாகவே இருக்கட்டும்.

வார்டன் வருகிறார்.

வளவன்