வாசிக்கத் தெரியாத உறுதிகள்

பெப். 2, ஞாயிறு

மழை விழுந்த கையோடு உறைந்துவிட்டது. தெரு முழுக்கக் கண்ணாடி. வீட்டிலிருந்து லில்லெஸ்ட்ரோம் ரயில் நிலையத்துக்கு வழக்கமாக ஆறு நிமிடம். இன்று பதினைந்து.

தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. தொண்டை ஆசீர் நாள். சுவாமி இரண்டு மெழுகுதிரியைக் கழுத்தில் குறுக்காக வைத்துச் செபித்தார். தொண்டையில் மீன்முள் சிக்காமல் இருக்க நல்லதாம்.

பிறகு அம்மாவோடு மோர்டென்ஸ்ருட், அவர் வீட்டுக்கு. கணவாய்க் கறி. சாப்பாட்டின் நடுவே ஊர்காவற்றுறையில் இருந்து தொலைபேசியில் மாமா.

"அக்கா, பக்கத்துக் காணிக்காரன் வேலியை எட்டடி உள்ளுக்குத் தள்ளிப் போட்டிட்டான். உங்கடை சீதன உறுதிப் பத்திரத்திலை எல்லை விபரம் இல்லை. முன் உறுதியிலை உள்ளபடி எண்டுதான் கிடக்கு. வழக்குப் பேசுற அப்புக்காத்து அந்தப் பழைய உறுதியைக் கேக்கிறார். மாசக் கடைசியிலை வழக்கு."

"அது இஞ்சைதான் கிடக்கு. நானெல்லோ கொண்டு வந்தனான்" என்றார் அம்மா.

யாழ்ப்பாணத்து வேலிக்குக் கால் உண்டு என்று அப்பா பகிடி விடுவார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த உறுதி அங்கே இல்லை. இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

பெப். 3, திங்கள்

–9 பாகை. செய்ய வேண்டியவை:
தாள் நிறம் பார்க்க
கோதுமை மாப் பசை காய்ச்ச
மணிலா விளக்க அட்டை, வெள்ளிக்குள்
பல் வைத்தியருக்கு எடுக்க
அம்மாவிடம் சொல்ல

கடைசியை வெட்டிவிட்டேன்.

நூதனசாலையில் வசந்தக் கண்காட்சிக்கு ஆயத்தம். எனக்குக் கிடைத்திருப்பவை இரண்டு காணி உறுதிகள். மணிலாப் பக்கம் நானூறு வருடங்களுக்கு முன் எழுதியவை, தகாலோகு மக்களின் சொந்த எழுத்தில். மூலம் அங்கேயே இருக்கிறது. படங்கள்தான் வந்தன. அதைப் பார்த்து அசலைப் போலவே பிரதி செய்வது என் வேலை. வேறு எதுவாவது கிடைத்திருக்கக் கூடாதா? வரைபடம், பாட்டுப் புத்தகம், சமையல் குறிப்பு. உறுதிதானா கிடைக்க வேண்டும்.

லீசா பிலிப்பைன்காரி, கண்காட்சியின் பொறுப்பாளர். நாங்கள் முன்பு இருந்த ஹவுகன்ஸ்டுவாவில், எங்கள் மாடிக் கட்டடத்துக்கு அடுத்ததில் வளர்ந்தவள். எழுத்தைச் சுட்டிக் காட்டினாள். நெல் விளையும் நீர்க்காணி. ஒன்றில் விற்பவளும் பெண், வாங்குபவளும் பெண். அம்மாவின் சீதனக் காணியை நினைத்துக்கொண்டேன். நினைக்காமல் இருக்கப் பார்த்தேன் என்பதுதான் சரி.

பெப். 4, செவ்வாய்

பனி. நித்திரை இல்லை. எழுதிவிடுகிறேன், இதை யாரும் பார்க்கப் போவதில்லை.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. ஹவுகன்ஸ்டுவாவில் இருந்து மோர்டென்ஸ்ருட்டுக்கு வீடு மாறுகிறோம். வீட்டில் கடிதம் வாசிக்கிற ஆள் நான். கொம்யூன் என்கிற நகரசபை, வங்கி, பாடசாலை, எல்லாக் கடிதமும் என் கையால்தான் போகும். பெற்றோருக்கு நோர்வே மொழி பிடிபடாத எங்களைப் போன்ற பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த உத்தியோகம் இருந்தது. "உதுகளை ஒருக்கா ஒழுங்காக்கு பிள்ளை" என்று அப்பா ஒரு பெட்டியைத் தந்தார். நான் ஐந்து பெர்ம், தடித்த அட்டைக் கோப்புகள், வாங்கி, நிறம் நிறமாகப் பெயர் ஒட்டி அடுக்கினேன். சீதன உறுதிக்கு லமினேற் வேறு செய்வித்தேன். பெரிய கெட்டிக்காரி.

பெட்டியின் அடியில் சேலைத் துண்டில் சுற்றிய நாலைந்து தாள். பழுப்பு, ஓரமெல்லாம் பூச்சி தின்றது. உறுதி எழுதிய நொத்தாரிசின் கூட்டெழுத்து, கோழி கிளறினது போல. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எந்தப் பெர்முக்குள் வைப்பது? தலைப்பு இல்லை. வாசிக்க முடியாதது குப்பை என்று முடிவெடுத்தேன். கீழே கடதாசித் தொட்டிக்குள் போட்டேன். சேலைத் துண்டை மட்டும் தோய்த்து மடித்து வைத்தேன்.

பரிசாக அப்பா பிற்சா வாங்கித் தந்தார்.

அது பழைய காணி உறுதி என்று, தாள் பேணுகிற படிப்பின் இரண்டாம் வருடத்தில் அப்படியொன்றின் படத்தைக் காட்டியபோதுதான் விளங்கியது. விரிவுரை நடுவே எழுந்து கழிவறைக்குப் போய் நின்றேன். அன்று சொல்லியிருக்கலாம். அப்பாவும் உயிரோடு இருந்தார். சொல்லவில்லை.

பெப். 5, புதன்

அம்மா மூன்று தரம் எடுத்துவிட்டார். கட்டில் அடி பார்த்தாச்சு. நிலவறைப் பெட்டி பார்த்தாச்சு. ஐந்து பெர்மும் பார்த்தாச்சு.

"நீ வடிவா அடுக்கினனி. உன்னிலை பிழை இல்லை."

நான் "ம்" என்றேன். "ம்" பொய்யில் சேருமா?

பசை கட்டிபட்டுவிட்டது. திரும்பக் காய்ச்ச வேண்டும்.

பெப். 6, வியாழன்

பிரதி நன்றாக வருகிறது. இன்று முழுக்க வளைவு, சுழி, புள்ளி. எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் ஒரு கீறு தவறாமல் போடுகிறேன். பதினான்கு வயதில் எங்கே போனது இந்தக் கவனம்.

விளக்க அட்டை: "இவை எப்படித் தப்பின?" இரண்டு வசனம். லீசாவைக் கேட்டேன். காணி கைமாறும்போது பழைய உறுதிகளும் கூடவே போகும் என்றாள். கடைசியில் ஒரு கல்விக்கூடத்துக்குக் காணி போக, கட்டோடு இவையும் போயின. பின்னால் வந்தவர்களுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாமல் போயிருக்கும். ஆனாலும் எறியவில்லை.

"நல்லாயிருக்கிறதே, அதையே எழுது" என்று நோர்வே மொழியில் சொல்லிவிட்டு மதியத்துக்குக் கட்டிவந்த பாண் பொதியைப் பிரித்தாள். நான் கைகழுவப் போய்வந்தேன்.

மாலை தொலைபேசியில் அம்மா. குரல் வேறு.

"எனக்கு இப்ப விளங்குது. கொப்பர்தான் எறிஞ்சிருப்பார். வீடு மாறேக்கை என்னைக் கேக்காமல் எவ்வளவு சாமானை எறிஞ்ச மனுசன்!"

"அப்பா அப்பிடிச் செய்யமாட்டார் அம்மா."

"உனக்கென்ன தெரியும்? சின்னப்பிள்ளை நீ அப்ப."

அப்பா போய் ஆறு வருடம். மறுத்துச் சொல்ல அவரால் முடியாது. என்னால் முடியும்.

பெப். 7, வெள்ளி

அட்டை கொடுத்தாச்சு. "பின்னால் வந்தவர்களுக்கு இவை வாசிக்கத் தெரியாதிருக்கலாம். இருந்தும் வைத்திருந்தார்கள்." ஒரு மாற்றமும் இல்லாமல் போய்விட்டது. எல்லாரும் பாராட்டினார்கள்.

மோர்டென்ஸ்ருட் போனேன், சொல்வதென்றே. அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை. அப்பாவின் படத்துக்கு முன் மெழுகுதிரி இல்லை. வருடக்கணக்கில் தவறாதது.

"திரி முடிஞ்சுதோ?"

"கிடக்கு. கொளுத்தேல்லை."

எனக்குத் தைரியம் வரவில்லை. ரொட்டி மூன்று தின்றேன். கோழை. கடைசி வண்டிக்கு முந்தியதில் திரும்பினேன்.

பெப். 8, சனி

வெயில், –12. காலையிலேயே போய்விட்டேன். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னேன். கழற்றினால் உள்ளே போவேன், தேத்தண்ணி வரும், பிறகு சொல்லமாட்டேன்.

"அம்மா, அப்பா இல்லை. நான்தான் எறிஞ்சனான். ஹவுகன்ஸ்டுவாவிலை, கடதாசித் தொட்டிக்கை."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு என் சப்பாத்தில் இருந்து உருகிய தண்ணீரைப் பார்த்தார்.

"ஏன் எறிஞ்சனி?"

"வாசிக்கத் தெரியேல்லை."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கதிரையை இழுத்து இருந்தார்.

"எனக்கு மட்டும் வாசிக்கத் தெரியுமே? எங்கடை ஐயாவுக்கும் தெரியாது. அந்த நொத்தாரிசின்ரை எழுத்து ஒருத்தருக்கும் விளங்காது. எண்டாலும் சண்டைக்கை தீவை விட்டு வெளிக்கிடேக்கை சேலைத் துண்டிலை சுத்தி இடுப்பிலை கட்டினனான். குருநகர், மடு, கொழும்பு, இஞ்சை. குளிக்கேக்கைதான் கழட்டுறனான்."

எனக்கு அழுகை. மன்னிப்புக் கேட்டேன், கேட்டது அவருக்குக் கேட்டதோ தெரியாது. அம்மா எழுந்து போனார். அலுமாரி திறக்கும் சத்தம். அந்தச் சேலைத் துண்டோடு வந்தார், நான் மடித்த மடிப்புக் கலையாமல். அதை விரித்து அப்பாவின் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். மெல்ல, நாலு மூலையும்.

"பாவம் மனுசன். மூண்டு நாளாத் திட்டினனான்."

திரியை என்னிடம் நீட்டினார். நான் கொளுத்தினேன்.

"காணிப் பதிவுக் கந்தோரிலை பிரதி கிடக்கோ எண்டு மாமாவைப் போய்ப் பாக்கச் சொல்லு. சண்டைக்கை எரியாமல் கிடந்தால் கிடக்கும்."

"நீங்கள் சொல்லுங்கோவன் அம்மா."

"இல்லை. எறிஞ்சவள் நீ. நீயே சொல்லு."

அங்கே இப்போது பின்னேரம். மாமாவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறேன். மணி போகிறது.