சத்தம் போடாத என்ஜின்

என் அன்பு மச்சான் நல்லதம்பிக்கு,

செத்து ஒரு வருசமாகியும் என் பிழைப்பைக் கெடுக்கிற ஒரே மனிசன் நீதான். முறையாகக் கடிதம் எழுத எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். உன் ஆண்டுத் திவசத்துக்குப் புளியந்தீவில் ஒரு தாள் அச்சடிக்கிறோம், மச்சான்காரன் நாலு வரி எழுது என்றார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ?

உன்மேல் எனக்கு எப்போதும் பொறாமைதான். துறையடியில் உன் கராஜும் என் கராஜும் எதிரெதிரே. வாவியைக் கடந்து வரும் பாதைப் படகு கரை தட்டியதும், மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்குகிறவர்கள் என்னிடமே வந்து, "நல்லதம்பி இல்லையா?" என்று கேட்பார்கள்.

"இரிக்கான், இரிக்கான். பைத்தியத்துக்கு மருந்து எடுக்கப் போனவன், இப்பதான் வந்தான்" என்பேன் நான்.

"அந்த மருந்து உனக்குத்தான்டா மச்சான், வந்து குடி" என்று உள்ளேயிருந்து உன் குரல் வரும்.

என் தங்கச்சி பூரணத்தைக் கட்டிக்கொண்டு போனாய். என் வாடிக்கையையும் கூடவே கொண்டுபோனாய். ஊரடங்கு நாளில், பாதை ஓடாத நேரம் பார்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். சாவதிலும் என்னை முந்த வேண்டுமா?

நீ கை வைத்த என்ஜினெல்லாம் டிக் டிக்கென்று சத்தம் போடும். "இதென்னடா, தையல் மெசினா? எனக்கும் ஒரு சட்டை தை" என்று எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பேன். நீ சிரிப்பாய். வால்வுத் தண்டின் நுனிக்கும் அதை அமுக்குகிற ராக்கருக்கும் நடுவே சவர பிளேட்டை விட்டு, அது இலேசாகப் போய்வருகிற அளவுக்கு இடைவெளி வைத்துப் பூட்டுவாய். ஏனென்று ஒரு நாளாவது சொன்னாயா? நான் கேட்காததாலா, கேட்டாலும் பகிடி விடுவேன் என்பதாலா?

இனி, நீ போன பிறகு நடந்த விசளம். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயாவின் ட்ரெயில் பைக் என்னிடம் வந்தது. சேற்றிலும் வரம்பிலும் ஏறுகிற அந்த உயரமான பைக் ஓடாவிட்டால், வட்டை வயல்களுக்குள் இருக்கிற சனத்துக்கு மருந்து போகாது என்று உனக்குத் தெரியும். வாவிக்கு இந்தப் பக்கம், நம் படுவான்கரைக்கு, ஆமி பெற்றோல் விடுகிறதா என்ன? மண்ணெண்ணெய் குடித்துக் குடித்து, புகை போகிற வால்வின் ஓரம் அரித்துப்போய்க் கிடந்தது.

"நல்லதம்பி இருந்தா ஒரு நாளில முடிச்சிடுவான்" என்றார் ஐயா. எனக்கு அது போதும்.

அக்கரையில் காத்தான்குடிக்குப் போய் இரண்டு புது வால்வு வாங்கினேன். என்ஜின் சாமானுக்கும் தடை என்பதால், பாண் ரொட்டியைப் பிளந்து உள்ளே மறைத்துக்கொண்டு சோதனைச் சாவடிக்கு வந்தேன். ஆமிக்காரன் பாணைப் பார்த்தான், என் வயிற்றைப் பார்த்தான், போகச் சொல்லிவிட்டான். வால்வை அது உட்காருகிற இடத்தோடு அரைத்துப் பொருத்துகிற பேஸ்ட் ஊரில் எவனிடமும் இல்லை. பூரணம்தான் உன் பெட்டியில் இருந்த கடைசி டப்பாவை எடுத்துத் தந்தாள்.

வால்வுத் தண்டில் ரப்பர் குழாய்த் துண்டை மாட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டி அரைத்தேன். வால்வு உட்காருகிற இடத்தில் சாம்பல் நிற வளையம் ஒன்று அறுபடாமல் விழுந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டும் கசியவில்லை. அதுவரைக்கும் நான் நல்ல மனிசன்தான் மச்சான்.

மறுகா என் புத்தி போன போக்கைக் கேள். உன்னுடையதைவிட என்னுடையது நன்றாக ஓட வேண்டும், அந்த டிக் டிக் கேட்கவே கூடாது என்று, பிளேட் நுழையாதபடி இடைவெளியை இறுக்கிப் பூட்டினேன். பட்டுப்போல ஓடியது.

"பாக்கியராசா, இது நல்லதம்பியை விடத் திறம்!" என்றார் ஐயா. அன்று நான் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்.

பத்தாம் நாள், பாம்பு கடித்த ஒருவனைப் பார்க்க ஐயா வட்டைக்குள் போனார். பாதி வழியில் பைக் இழுக்காமல் நின்றுவிட்டது. மருந்துப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்தார். கடிபட்டவன் பிழைத்தது அவன் தாய் செய்த புண்ணியம்.

கழற்றினால், புது வால்வின் ஓரம் கருகிப் பிய்ந்திருக்கிறது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மண்ணெண்ணெய்ச் சூட்டில் தண்டு நீளும். நீள இடமில்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, அந்தச் சந்தால் நெருப்புப் பாய்ந்து ஓரத்தைத் தின்னும். நீ விட்டது அந்த இடத்தைத்தான்.

விளங்கின கையோடு ஐயாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா?

"வால்வில பிழையில்ல ஐயா. அது உட்காருற இடத்தை முன்னம் அரைச்சது என்ர மச்சான். அதில பள்ளம் இரிக்கு. செத்த மனிசனைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல?"

"நல்லதம்பியா? நம்ப ஏலாம இரிக்கு" என்றார். ஆனால் நம்பிவிட்டார். ஊரும் நம்பியது.

பிறகு நீ வேலை செய்த மோட்டார் சைக்கிளெல்லாம் ஒவ்வொன்றாக என் வாசலுக்கு வந்தன. "மச்சான் அரைச்சதை ஒருக்காப் பாரு" என்றார்கள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றிலாவது ஒரு பிழை கிடைக்காதா என்று விளக்கைப் பிடித்துத் தேடினேன். கிடைக்கவில்லையடா. உன் வேலையை அப்படியே திருப்பிப் பூட்டி, நான் புதிதாக அரைத்தேன் என்று கொடுத்தனுப்பினேன்.

போன கிழமை பூரணம் கராஜுக்கு வந்தாள்.

"அண்ணே, அவர்ர வேலை பிழையெண்டு சனம் கதைக்குது. மெய்யா?"

"சனத்துக்கு வேற என்ன வேலை?"

"சனத்தை விடு. நீ சொல்லு."

நான் சுத்தமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"அவர் உன்னைக் குறை சொல்லி நான் கேட்டதில்ல அண்ணே. 'கொண்ணன்ர கை என்ர கையைவிடச் சுத்தம், அவசரம்தான் கூட' எண்டுதான் சொல்லுவார். சரி, நான் பொயித்து வாறன்."

பார்த்தாயா? அதிலும் நீ முந்திவிட்டாய். உன்னைப் பற்றி அப்படி ஒரு சொல் நான் யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா?

ஆகையால் அச்சில் ஏறட்டும். அப்போதிக்கரி ஐயாவின் வால்வைக் கருக்கியவன் நான். நல்லதம்பி அரைத்த எந்த வால்விலும் பிழை இல்லை. திவசத்தன்று ஐயாவையும் பூரணத்தையும் முன்னால் இருத்தி, இந்தத் தாளை என் வாயாலேயே வாசிப்பேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், நேரம் போகும், இருந்து கேட்கட்டும்.

இனி உன்னைப் பற்றிப் பகிடி விடுவேன், பொய் விடமாட்டேன். இது சத்தியம். பொறாமையை மட்டும் விடச் சொல்லாதே. அதையும் விட்டால் உன்னோடு கதைக்க எனக்கு என்ன இருக்கிறது?

உன் பெண்சாதியின் அண்ணன்,
இன்னும் எதிர்க்கடைக்காரன்,
மச்சான் பாக்கியராசா