சுண்ணாம்புக்குக் கீழே ராமிரோ

மால்மோ, சுவீடன்
4 ஏப்ரல் 1991

அன்புள்ள எர்னானுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி எப்படி? எழுபத்து மூன்றில் ஆட்சியைப் பிடித்த ராணுவம் ரொட்டிக் கூட்டுறவுச் சுவரில் அடிக்கவைத்த சுண்ணாம்பைச் சுரண்டி, நம் ஓவியத்தைப் பேட்டைக்காரர்கள் மீட்கப் போகிறார்களாம். கடைக்கார ஓர்டென்சியா எழுதியிருந்தாள். நீ ஏன் எழுதவில்லை? கோடு இழுத்தவன் நீ, வண்ணம் நிரப்பியவள் நான். நமக்குப் பிறகுதானே மற்றவர்கள்?

ரொட்டிக் கூடை சுமப்பவனாக என் தம்பியை நிற்கவைத்து வரைந்தாயே, அந்த முகத்தை முதலில் சுரண்டச் சொல். அம்மா பயத்தில் புகைப்படங்களையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டாள். அவனைக் கொண்டுபோனவர்கள் எலும்பைக்கூடத் திருப்பித் தரவில்லை. ராமிரோவின் முகம் இந்த உலகத்தில் அந்தச் சுவரில் மட்டும்தான் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பு.

உன் தோழி,
நெல்டா


சந்தியாகோ, சிலி
26 ஏப்ரல் 1991

அன்பு நெல்டா,

உன் கோபம் நியாயம்தான். இங்கே மழை பிடித்துவிட்டது. காரை ஊறியிருக்கும்போது சுரண்டினால் வண்ணமும் சேர்ந்து வரும், செப்டம்பரில் வசந்தம் வரும்வரை பொறுக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். ஓர்டென்சியா விடுவாளா? "ஏன்பா, பதினேழு வருஷமா நனையாத சுவரு இப்பத்தான் நனையுதா? சுவருக்கு ஈரமா, உனக்குக் குளிர்ஜுரமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுகோடியிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். கூடைப் பக்கம் கடைசியில்தான். பொறுத்துக்கொள்.

எர்னான்


மால்மோ
20 மே 1991

எர்னான்,

ஓர்டென்சியாவோடு தொலைபேசியில் பேசினேன். "எல்லாம் சுரண்டியாச்சு. கூடைக்காரன்கிட்ட மட்டும் ஒருத்தரையும் விடமாட்டேங்குறான். ஏணியப் போட்டுக்கிட்டுக் காவல் காக்குறான்" என்கிறாள். அன்றைக்குச் சுண்ணாம்பு அடித்ததே நீதானாம். அதை உன் வாயால் எனக்கு ஏன் சொல்லவில்லை?

இனியும் பூசி மெழுகாதே. என் தம்பியின் முகம் அங்கே இருக்கிறதா, இல்லையா?

நெல்டா


சந்தியாகோ
5 ஜூன் 1991

நெல்டா,

அடித்தவன் நான்தான். முதுகில் துப்பாக்கி இருந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

அதற்கும் முன்பே ஒன்று செய்தேன். ராணுவத்தார் சுவரிலிருந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாக ஆள் தேடினார்கள். மற்ற முகங்கள் யாருக்கும் பொருந்தும். ராமிரோவை மட்டும் அச்சு அசலாக வரைந்து தொலைத்திருந்தேன். "பாவி, நீயே என்னைக் காட்டிக் குடுத்துட்டியேடா!" என்று அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ஊரடங்கு தளர்ந்த ஒரு மணி நேரத்தில் உளியும் சுத்தியலும் எடுத்துப் போய், நெற்றியிலிருந்து தாடைவரை கொத்தி எடுத்தேன்.

அப்படியும் இரண்டே வாரத்தில் பேருந்து நிறுத்தத்தில் அவனைப் பிடித்துவிட்டார்கள். அவனும் இல்லை, முகமும் இல்லை. இதை எப்படி உனக்கு எழுதுவேன்?

நேற்று நானே சுரண்டினேன். செங்கல்தான் இருக்கிறது. சுவர் வேலை செய்யும் பிள்ளைகள் புதிதாக ஒரு முகம் வரையலாம் என்கிறார்கள். நீ சொல்லாமல் யாரையும் தொடவிடமாட்டேன்.

எர்னான்


மால்மோ
19 ஜூன் 1991

எர்னான்,

இரண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள் நானே அவனை வரைய உட்கார்ந்தேன். சைக்கிளிலிருந்து விழுந்து தாடையில் ஒரு தழும்பு உண்டே, அது எந்தப் பக்கம்? கூடப்பிறந்தவள் நான், எனக்கே தெரியவில்லை. கேட்க அம்மாவும் இல்லை.

உனக்கு நினைவிருந்தால் உடனே எழுது. இல்லையென்றால் பொய் மட்டும் சொல்லாதே.

நெல்டா


சந்தியாகோ
30 ஜூன் 1991

அன்பு நெல்டா,

அவனுக்கு இடப்பக்கம். உளியை முதலில் அங்கேதான் வைத்தேன்.

எர்னான்