சித்திரையில் வந்த இருமல்

ராகலை,
12.8.1957

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மனைவி மனோரஞ்சிதம் எழுதுவது. நோட்டன் பிரிட்ஜ் வேலைத்தலத்தில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க முருகன் துணையிருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று இந்த முறை எழுத முடியவில்லை.

ஆனி மாதம் முழுவதும் புதுக் காய்ச்சல் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் பரவியது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. டிஸ்பென்சரி வாசலில் விடியும்போதே நூறு பேர் நிற்போம். மருந்து கொடுக்கும் ஐயா தனியாள், என்ன செய்வார்? நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்க நேரமில்லை. இருமுகிறவர்களுக்கெல்லாம் ஒரே சிவப்பு மருந்து. உங்கள் தங்கை லெட்சுமிக்கும் அதுதான்.

மற்றவர்கள் பத்து நாளில் கொழுந்தெடுக்கப் போய்விட்டார்கள். லெட்சுமிக்குச் சாயங்காலமானால் உடம்பு சுட்டது. வளையல் முழங்கை வரை ஏறியது. மூன்று தடவை அழைத்துப்போனேன். "இந்த வருசம் யாருக்குத்தான் இருமல் இல்ல? காய்ச்சல் விட்ட அசதி, போம்மா" என்றார் ஐயா. நானும் நம்பினேன். நம்பிவிட்டால் பயமில்லையே.

போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். துணிக்கடை முனாப் நானா அவள் இருமுவதைக் கேட்டுவிட்டு, "காய்ச்சக்காரங்க எல்லாம் எந்திரிச்சாச்சு. இந்தப் புள்ள மட்டும் ஏன் இன்னும் இருமுது? என் மச்சானும் இப்படித்தான் இருமினான். நாளைக்கே நுவரெலியாவுக்குக் கொண்டு போங்க" என்றார். அன்று வீட்டுக்கு வந்து அவள் தலையணையைப் புரட்டினேன். அடியில் ஒரு துணி, ரத்தக் கறையோடு. "சொன்னா என்னைய ஒங்ககிட்டருந்து பிரிச்சிருவாங்கன்னு பயமா இருந்துச்சு அண்ணி" என்று அழுதாள்.

மறுநாள் பஸ்ஸில் போனோம். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். காசநோய், அத்தான். நெஞ்சு வார்டில் வைத்துக்கொண்டார்கள். தினமும் ஊசி. பிழைப்பாள் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் மாதக்கணக்காகும்.

பெரிய டாக்டர் சொன்னதைத் தமிழ் தெரிந்த நர்ஸம்மா எனக்குச் சொன்னார். இது இந்தக் காய்ச்சலால் வந்ததில்லையாம், அதற்கு முன்பே பிடித்ததாம். "காய்ச்சல் பரவுறதுக்கு முன்னாடி ஒங்க வீட்டுல யாரு இருமினாங்க?" என்று கேட்டார். நம் காம்பரா ஒரே அறை. சித்திரை லீவில் நீங்கள் மூன்று வாரம் இங்கேதான் படுத்து இருமினீர்கள். அப்போது இந்தக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்திருக்கவே இல்லை. போன கடிதத்தில், உங்கள் வேலைத்தலத்து மருந்துக்காரர் உங்கள் இருமலும் புதுக் காய்ச்சல்தான் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள்.

இருமியது நீங்கள்தான் என்று கடைசியில் நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

நம் மகள் பரிமளத்துக்கும் இந்த நோய் தொற்றியிருக்கிறதா என்று பார்க்கக் கையில் ஊசி குத்தி, மூன்றாம் நாள் காட்டச் சொன்னார்கள். நாளை மூன்றாம் நாள். குத்திய இடம் சிவந்து தடித்திருக்கிறது. அதற்கு என்ன அர்த்தமென்று யாரிடமும் கேட்கவில்லை. அவள் ஓடி விளையாடிக்கொண்டுதான் இருக்கிறாள். உங்களைத்தான் கேட்கிறாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யார் என்ன சொன்னாலும் கேட்காமல், இந்தக் கடிதம் கண்டதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுங்கள். வெறும் காய்ச்சல் என்று அவர்கள் சொன்னால் திரும்பி வராதீர்கள், படம் எடுக்கும்வரை அங்கேயே நில்லுங்கள். அதற்கு முன் வீட்டுக்கு வர வேண்டாம், அத்தான். உங்களிடம் இப்படி எழுத வேண்டியிருக்கிறதே. ஆனாலும் சீக்கிரம் வந்துவிடுங்கள்.

என்றும் உங்கள்,
மனோரஞ்சிதம்