ஐஸ்கிரீம் மூடியில் வெட்டிய வழி

தஞ்சோங் காராங்,
15.11.1987

அன்பு மகள் முரியலுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம், நீயும் மீரியில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவும் சுகம் என்று எழுதினால் பாதிப் பொய், அதனால் எழுதவில்லை. நீ அனுப்பிய துணி வந்து சேர்ந்தது, நிறம் நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த வயதில் எனக்கு அவ்வளவு பூ ஆகாது. இங்கே விடாத மழை, செம்பனைத் தோட்டத்துக்குள் தண்ணீர் நிற்கிறது, பக்கத்து வீட்டுக் கலாவதியின் கோழியெல்லாம் நம் அடுப்படியில்தான் குடியிருக்கின்றன, கேட்டால் அதுங்களுக்கு உங்களத்தான் புடிச்சிருக்குக்கா என்கிறாள். விடுமுறைக்கு வரவில்லை, கூட வேலை செய்யும் டீச்சர்களோடு ஊர் சுற்றப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். போன மாதமாக இருந்தால் போய் வா என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல மனம் வரவில்லை, ஏன் என்று பொறுமையாகப் படி.

உன் பழைய சிவப்புக் கார் ஞாபகம் இருக்கிறதா, என்ன கேள்வி இது, அதை நீ மறப்பாயா. தோட்டத்து வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. ஓரத்தில் மேடும் பள்ளமுமாக வெட்டிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகிவிட்டால், வெட்டியிருக்கிறபடி தானே இடமும் வலமும் திரும்பி ஓடும். கூட வந்த அட்டைகள் உடைந்த பிறகு நீ ஐஸ்கிரீம் டப்பா மூடியைக் கத்தரித்து, அடுப்படி வாசலிலிருந்து அப்பாவின் நாற்காலிவரைக்கும் வழி வெட்டினாய். அதன் முதுகில் சுருட்டை வைத்து அனுப்புவாய், அவர் மகாராஜா மாதிரி உட்கார்ந்து எடுத்துக்கொள்வார். ஒரு நாள் சீண்டுவதற்காக வழியில் முக்காலியைப் போட்டார், கார் போய் முட்டிக் கவிழ்ந்தது. அதுக்குக் கண்ணு இல்லப்பா, அட்டை சொன்ன எடத்துக்குத்தான் போவும், நடுவுல எதையும் வைக்காதீங்க என்று அழுதாய். கோபத்தில் பேட்டரியைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாய், அவர் கெஞ்சிக் கேட்டும் நீ இறங்கி வரவில்லை.

அந்தக் காரைப் போன மாதம் அப்பா அலமாரி மேலிருந்து இறக்கினார். பேட்டரி போட்டதும் ஓடியது, உன் மூடி அட்டையும் அப்படியே இருக்கிறது. சாயங்காலமானால் அதைத் தரையில் விட்டுவிட்டு எம்மக வெட்டுன வழி பாரு, இன்னும் மாறல என்று சிரிப்பார். மகளைத் தேடுது மனசு என்று நானும் விட்டுவிட்டேன், அவ்வளவு ஆசையா இருந்தா லெட்டர் போட வேண்டியதுதானேலா என்று கிண்டல்கூடச் செய்தேன். நாற்காலி இருந்த இடத்தில் இப்போது டிவி இருக்கிறதல்லவா, கார் அந்த மேசைக் காலில் போய் இடித்து நின்றது. எடுக்கப் போனவர் தரையைத் தடவுகிறார். கார் அவர் கைக்கு முன்னாலேயே இருக்கிறது, அவர் அதைத் தாண்டித் தடவுகிறார். நான்தான் எடுத்து அவர் கையில் வைத்தேன்.

மறு ஞாயிறு பூசைக்குப் போகும்போது அப்பாவின் பள்ளி வேனில் பின்னால் உட்காராமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுகிறார், செபம் என்று நினைத்தேன், காது கொடுத்தால் சீனன் கடை, வளைவு, கோயில் மரம், பாலம் என்று வாய் ஓடுகிறது. நடு ரோட்டில் ஓர் ஆடு நின்றது, அவர் காலை எடுக்கவே இல்லை, நான் கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தார். ஆட்டுக்கு ரோட்ல என்ன வேலை என்று என்னிடம் எரிந்து விழுகிறார். இனிப்பு நீர் வியாதி கண்ணைத் தின்றுவிட்டது முரியல். இந்தக் கண்ணோடுதான் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். கண் டாக்டரிடம் போகலாம் என்றால் லைசென்ஸைப் பிடுங்குவாங்க, அப்புறம் நான் யாரு என்கிறார். கலாவதியிடம் ஒரு வார்த்தை சொன்னால் விளக்கு வைப்பதற்குள் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும், அவர் வெளியில் தலை காட்ட முடியாது. சொல்லாமல் இருந்தால் அவள் மகனும் அந்த வேனில்தான் ஏறுகிறான்.

இதற்கு மேல் கேள். வாய்க்கால் மேல் இருக்கும் பழைய பலகைப் பாலத்தைப் பிரிக்கப் போகிறார்கள், சற்று மேலே தள்ளி சிமெண்டுப் பாலம் கட்டி முடித்துவிட்டார்கள். பள்ளி திறக்கும்போது பழைய பாலம் இருக்காது, ஆனால் அவர் கைக்கு அது இருக்கும், கை அங்கேதான் திரும்பும். நேற்று மதியம் ஆளைக் காணோமே என்று தேடிப் போனேன். புதுப்பாலத்து ரோட்டில் தனியாக நடக்கிறார், காலால் ஓரத்துக் கல்லைத் தேய்த்துப் பார்க்கிறார், ஏதோ முணுமுணுத்துக்கொண்டு இரண்டு கையாலும் காற்றில் ஸ்டேரிங்கைத் திருப்புகிறார். புது அட்டை வெட்டுகிறார் உங்கள் அப்பா. செம்பனை மறைவில் நின்று அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் சொன்னால் நச்சரிப்பு, நீ சொன்னால் வேதவாக்கு, இந்த வீட்டில் என்றைக்கும் அப்படித்தான். எனவே டீச்சர்களிடம் ஏதாவது சொல்லிவிட்டு வந்து சேர். ஊர் எங்கேயும் ஓடிவிடாது. வந்து அவரைக் கோலாலம்பூரில் கண்ணுக்குக் காட்டு. மழையில் நனையாதே, வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே. நம் ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோல் காப்பாராக, உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்று மறந்துவிடாதே. உறையை நன்றாகத் தட்டிப் பார். நீ அனுப்பிய பூத்துணியில் ஓர் ஓரம் கிழித்துச் சுற்றி வைத்திருப்பது வேன் சாவி. வேறு சாவி கிடையாது, இரண்டாவது போன வருஷமே வாய்க்காலில் விழுந்துவிட்டது. காலையிலிருந்து வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடுகிறார், நானும் கூடச் சேர்ந்து தேடுகிறேன். தபாலில் திருப்பி அனுப்பாதே, நீயே கொண்டு வா. வந்து அதுக்குக் கண்ணு இல்லப்பா என்று அன்றைக்குச் சொன்னது மாதிரியே சொல், சொல்லிவிட்டு இந்தச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று அவரையே கேள்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா
செசிலி பெர்னாட்