சூடேற்றி வைத்த மூச்சு

மச்சான்,

இன்று நம் ஊர்ப் பக்கத்துக் கோபாலபுரத்தில் என் காருக்குப் புகைச் சோதனை. சோதனை செய்கிற பெண் பின்குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகிவிட்டு, "தள்ளி நில்லுங்க, பொகை" என்றாள். பாதி வெந்த பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம். உங்களை யாரும் அப்படித் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. நோயை மறைத்து வைத்தே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எழுபதுகளில் நாம் பழைய கார் வாங்கி விற்றபோது மெஷின் ஏது? நீங்கள் பின்னால் குந்திக்கொண்டு, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைக் குழாயின் வாயில் பிடிப்பீர்கள். கரி படிந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கிற வண்டி. எண்ணெய்ப் பொட்டும் நீலப் புகையும் வந்தால் இஞ்சினுக்குள் ஆயில் எரிகிறது, தொடவே கூடாது. துண்டை மோந்தும் பார்த்துவிட்டு நீங்கள் தலையாட்டினால்தான் நான் விலை பேசுவேன்.

விற்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நாம் போவதற்குள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றி வைப்பார்கள். சூடான இஞ்சின் நீலப் புகையை அடக்கிக்கொள்ளும். கல்பாத்தி அக்ரஹாரத்தில் ஒருவர், "எங்கயும் எடுக்கலை, ஷெட்லயேதான் கெடக்கறது" என்றார். நீங்கள் பானெட்டில் கை வைத்தீர்கள்.

"ஏனுங்க சாமி, வண்டிக்குக் காச்சலுங்களா? இப்படிச் சுடுது?"

அவரே சிரித்துவிட்டார். "நன்னா இருக்கு ஓய் உம்ம பேச்சு!"

"ஆறட்டுங்க. காப்பி குடிச்சுப்போட்டு வர்றோம்."

ஆறியபின் ஸ்டார்ட் செய்ததும் தெருவே நீலமாகிப் போனது.

அந்தச் சூடேற்றும் வேலையை என்னிடமே காட்டுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கடைசி வருஷம் எங்கள் ஊட்டுக்கு நீங்கள் விடிகாலையில் வந்ததே இல்லை. வெயில் ஏறிய பிறகுதான் வருவீர்கள், வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு, கேலியும் சிரிப்புமாக. இளைத்திருக்கிறீர்களே என்றால், "உங்க தங்கச்சி சோறு போடறதில்லைங்க மாப்ளே" என்று உங்கள் மனைவி மேல் பழியைப் போடுவீர்கள். அந்தம்மா பிற்பாடு அழுதுகொண்டே சொன்னது: தினமும் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து, மூச்சு பிடிபடாமல் இருமுவீர்களாம். இஞ்சிக் கசாயம் குடித்து, சூடு ஏறி, இருமல் அடங்கிய பிறகுதான் சட்டை மாட்டுவீர்களாம். "மாப்ளைக்குத் தெரிஞ்சா என்னைய ஊட்டுல உக்கார வெச்சுருவாரு. சொல்லிறாத" என்று அவரையும் தடுத்து வைத்திருந்தீர்களாம்.

தெரிந்திருந்தால் உட்காரத்தான் வைத்திருப்பேன். கட்டிப் போட்டாவது வைத்திருப்பேன்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், நுரையீரலில் ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டர் சொன்னார். நீங்கள் இழுத்த பீடியா, மோந்த வண்டிப் புகையா என்று அவரும் பிரித்துச் சொல்லவில்லை. "இன்னும் பெரிய டாக்டரைப் பாக்கலாமுங்க" என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வண்டிய வாங்கீராதீங்க மாப்ளே, நட்டம்" என்றீர்கள். நீங்கள் சொன்னதில் நான் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான். மதராஸுக்குக் கூட்டிப் போனேன். தனியாகத் திரும்பினேன்.

என்னைக் கட்டிக்கொண்ட உங்கள் தங்கைக்கும் வயதாகிவிட்டது, மச்சான். கேட்டால், "எனக்கென்னங்க, நல்லாத்தான இருக்கறேன்" என்கிறாள். உங்கள் ரத்தம், நான் நம்புவதில்லை. தினமும் அவளுக்கு முன்னால் எழுந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். எழுந்ததும் அவள் இழுக்கிற முதல் மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் பல் விளக்கப் போகிறேன்.