வாசுகியின் முழங்கை

ஓகஸ்ட் 12, சனி இரவு

நாளைய மலைச் சைக்கிள் போட்டியில் மூன்று பேராவது சேர்ந்தால்தான் பெண்கள் பிரிவு நடக்குமாம். நானும் என் வகுப்பு ரிஸ்னாவும் பெயர் கொடுத்துவிட்டோம். மூன்றாவதாக வாசுகியை நான்தான் வற்புறுத்திச் சேர்த்தேன். கொழும்புக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் தினமும் பள்ளிக்குச் சைக்கிளில் போனவள். எங்களைவிட நன்றாக ஓட்டுவாள்.

இன்று பயிற்சியில் கிரவல் கல் சரிவில் விழுந்து அவளுடைய இரண்டு முழங்கைகளும் உரசிப்போயின. அவளோ சிரித்தாள். பயிற்சிக்கு வந்த ரீச்சர் தன் வான் வண்டியில் அவளைக் கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "முழங்கையிலயா? விசரி, அந்தப் பிள்ளையின்ர ஐடென்டிட்டி கார்ட்டில யாழ்ப்பாணம் எண்டெல்லோ கிடக்கு. செக்பொயின்றில ஆமி கையைப் பார்த்தா, முழங்கையால ஊர்ந்து ஊர்ந்து இயக்கத்தில ட்ரெயினிங் எடுத்தவள் எண்டுதான் நினைப்பாங்கள்."

எனக்கு இது தோன்றவே இல்லை. உடனே வாசுகிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஓமடி, தெரியும். நாளைக்கு நீட்டுக் கைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில வாறன்," என்றாள். "நான் வராட்டி உங்கள் ரெண்டு பேரையும் ஆர் ஓட விடுவினம்?"

வரவேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். போட்டி நடக்கவேண்டும் என்ற ஆசை என் வாயை அடைத்துவிட்டது.

வெளியே, காலிக்குப் போகும் வீதியில் இராணுவ ஜீப் போகிறது. மின்விசிறி சுழன்றும் எனக்கு வியர்க்கிறது. இந்த வெக்கையில் நீட்டுக் கைச் சட்டையோடு ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கினால், அந்தச் சட்டைக் கையைத்தானே முதலில் சுருட்டச் சொல்வார்கள்?